ஒரு ஆறும் ஆறு தொகுதிகளும்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சுவாக்கில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, எங்க எம்.பி.கிட்ட ஒரு மனு குடுக்கணும்னா நான் எந்த ஊரு பஸ்ஸுல ஏறணும், சொல்லுங்க பாப்போம்?"

"புதுக்கோட்டை" என்றேன்.

சிரித்துவிட்டார். "அங்க கலெக்டருதான் இருக்காரு. நம்ம எம்.பி. தொகுதி ராமநாதபுரம். ஆலங்குடிக்காரனுக்கு சிவகங்கை. விராலிமலைக்காரனுக்கு கரூரு. அட, புதுக்கோட்டைக்காரனுக்கே திருச்சிதான். வீட்டுக்கு நாலு சம்பந்தி மாதிரி ஆயிப்போச்சு. விசேஷத்துக்கு நாலு பேரும் வருவாங்க. கஷ்டம்னு போனா, 'அவரைப் பாருங்க'ம்பாங்க."

இதைவிடச் சுருக்கமாக இந்தக் கட்டுரையை என்னால் எழுத முடியாது. ஆனால் பத்திரிகைக்காரர்கள் பக்கத்தை நிரப்பச் சொல்கிறார்களே!

புத்தகத்தை விமர்சிக்கிறோம். சினிமாவை விமர்சிக்கிறோம். எல்லைக்கோட்டை மட்டும் ஏன் யாரும் விமர்சனம் செய்வதில்லை? அதுவும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியதுதான். நல்ல எழுத்து, மோசமான எழுத்து என்று அதிலும் உண்டு. புதுக்கோட்டைக்குக் கோடு எழுதியவர்கள் நிறைய பேர். அவர்களை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

*

முதல் ஆசிரியர் மனுஷரே இல்லை. வெள்ளாறு.

சோழ மண்டலத்துக்கும் பாண்டிய மண்டலத்துக்கும் எல்லை சொல்லும் பழைய பாடல்கள் உண்டு. சோழனுக்குத் தெற்கெல்லை வெள்ளாறு. பாண்டியனுக்கு வடக்கெல்லை அதே வெள்ளாறு. இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அனேகமாக அதுவாகத்தான் இருக்கும். புதுக்கோட்டை நகரத்துக்குச் சற்றுத் தெற்கே ஓடி, அறந்தாங்கியைத் தாண்டி, மணமேல்குடி அருகே கடலில் சேர்கிறது. ஆற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு.

ஆறு போட்ட எல்லையில் ஒரு சௌகரியம்: படிக்காதவருக்கும் தெரியும். இறங்கிக் கடந்தால் அந்தப் பக்கம். கடக்காவிட்டால் இந்தப் பக்கம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லை என்பது காவல்காரன் நிற்கும் கோடு இல்லை. கொடும்பாளூர் இருக்குவேளிரைப் பாருங்கள். சோழனுக்கும் பாண்டியனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன அரசர்கள். யார் பக்கம் சாய்கிறோம் என்பதுதான் அவர்களுக்கு எல்லை. சாய்ந்தும் கெடாமல், மூவர் கோயில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்காதவர்கள் திருச்சி - மதுரை சாலையில் போகும்போது ஒரு அரைமணி நேரம் வண்டியை நிறுத்துங்கள்.

*

இரண்டாவது ஆசிரியர் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி. இவர் எழுதியது தானப் பத்திர பாணி.

தொண்டைமான் குடும்பத்து ரகுநாதரின் சகோதரி காதலி நாச்சியாரை சேதுபதி மணந்துகொண்டார். பல்லவராயர்கள் வசம் இருந்த புதுக்கோட்டைச் சீமை 1686 வாக்கில் ரகுநாதத் தொண்டைமானுக்கு வந்தது. குளத்தூர்ப் பக்கம் அவர் தம்பி நமனத் தொண்டைமானுக்கு ஒரு கிளை. பின்னால் அதுவும் சேர்ந்தது. ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்று தாலுகா; 1,178 சதுர மைல். இதுதான் சமஸ்தானம்.

அந்த நிலத்தின் உள்ளே இருந்த எல்லைகள் இன்னும் சுவாரசியம். நிக்கலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்கர் புதுக்கோட்டையைப் பற்றி 'தி ஹாலோ கிரவுன்' என்று தடிப் புத்தகம் எழுதினார். 1987-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. ஜாதி, ராஜா, கோயில், இனாம் நிலம் எல்லாம் ஒரே கயிற்றில் முறுக்கிக்கொண்டவை என்பது அவர் கட்சி. அதைப் படித்தால் நமக்குத் தெரிந்த ஒரு விஷயம் புதிதாகப் புரிகிறது. நாடு என்றால் சர்வே நம்பர் இல்லை. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, எந்த ஊர்கள் சேர்ந்து கூடுகின்றன, பரிவட்டம் யார் தலையில்? அதுதான் நாடு. கள்ளர் நாடுகளிலும் வல்லம்பர் நாடுகளிலும் இன்றைக்கும் தாசில்தாருக்குத் தெரியாத எல்லைகள் உண்டு. தேர் இழுக்கும் நாளில் தெரியும்.

டர்க்ஸ் மீது எனக்கு ஒரு குறை. அவருக்கு ராஜாவின் கிரீடம் எப்படிக் காலியானது என்பதுதான் கவலை. கிரீடம் காலியான பிறகு அந்த ஜனங்கள் யாரிடம் போய் நின்றார்கள் என்பது அவர் கதையில் இல்லை. ஆராய்ச்சியாளர் அங்கே நிறுத்திக்கொள்ளலாம். டீக்கடைப் பெரியவரால் முடியாது.

*

மூன்றாவது ஆசிரியர் கும்பெனியார். இவர்கள் எழுதியது கூலிக் கணக்கு.

தஞ்சாவூர் மராட்டியருக்கும் தொண்டைமானுக்கும் கீழாநிலைக் கோட்டை பேரில் ஓயாத தகராறு. பாளையக்காரர் சண்டைகளில் தொண்டைமான் கும்பெனி பக்கம் நின்றார். 1799-ல் கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில்தான் பிடிபட்டார், கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1803-ல் கீழாநிலை தொண்டைமானுக்குக் கிடைத்தது. எல்லை தெற்கே நகர்ந்தது. அந்தச் சில மைலுக்கு என்ன விலை என்று புதுக்கோட்டைக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சிக்காரர்கள் மாற்றுவதில்லை.

அந்த தானத்தில் ஒரு நிபந்தனை உண்டு: வருஷத்துக்கு ஒரு யானை கப்பமாகக் கொடுக்க வேண்டும். தொண்டைமான்களின் முன்னோர் திருப்பதிப் பக்கம் யானை பிடித்தவர்கள் என்பது குடும்ப மரபு. அவர்களிடமே யானை! ஆனால் கும்பெனி அதை வற்புறுத்தி வாங்கவில்லை. 1836-ல் அந்த நிபந்தனையைத் தள்ளுபடி செய்துவிட்டது. வராத யானைக்காக ஒரு கோடு முப்பது வருஷம் காகிதத்தில் காத்திருந்தது.

சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. உவர் மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சினார்கள். சுற்றிலும் பிரிட்டிஷ் உப்பு வரி இருக்க, நடுவில் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் வெள்ளைக்காரன் விடுவானா? 1887-ல் ஒப்பந்தம் போட்டு உப்புக் காய்ச்சுவதை நிறுத்தினார்கள். ஈடாக சமஸ்தானத்துக்கு வருஷம் 38,000 ரூபாய். கஜானாவுக்கு ஈடு வந்தது. மண் காய்ச்சிப் பிழைத்தவனுக்கு என்ன வந்தது? எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதா, அந்தப் பக்கம் இருப்பதா என்பது அவன் உலைக்கு உப்பா இல்லையா என்கிற கேள்வியாக இருந்தது.

*

இந்தக் கதைகளையெல்லாம் தொகுத்துவைத்தவர் கே.ஆர்.வெங்கட்ராமய்யர். அவருடைய சமஸ்தான மேனுவல் 1938 முதல் 1944 வரை வெளிவந்தது. அச்சிட்டது சமஸ்தானத்தின் பிரகதாம்பாள் அச்சகம். ராஜவிசுவாசம் அதில் இருக்கத்தான் செய்யும். இருந்தாலும் சொல்கிறேன், ஒரு சின்ன சமஸ்தானத்துக்கு இவ்வளவு பொறுமையாக, ஊர் ஊராக, குளம் கோயிலாக எழுதிய நூல் அபூர்வம். 1929-லேயே 1,130 கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சேற்றிய சமஸ்தானம் இது. அந்த உழைப்பு மேனுவலில் தெரிகிறது.

ஆனால் அதன் ஊர்வரிசை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாவோடு நின்றுவிடுகிறது. ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கையைப் பார்க்கத்தான் இன்று ஊர் உலகமே புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருகிறது. அன்றைக்கு அது தஞ்சாவூர் ஜில்லா. ஆகவே மேனுவலின் ஊர்வரிசைக்கு வெளியே. நூலாசிரியரைக் குறை சொல்ல முடியாது. கோடு எங்கே போகிறதோ அங்கேதான் பேனாவும் போகும்.

*

1948 மார்ச்சில் ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். அவருக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது. தனி நாணயம், தனி அச்சகம், தனி நிர்வாகம் என்று இருந்த தலைநகரம் ஒரே நாளில் திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாகிவிட்டது. நவராத்திரிக்கு அம்மன் காசு வாங்கிய கை, ஒரு கையெழுத்துக்காகத் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டியதாயிற்று.

இருபத்தாறு வருஷம் கழித்து, 1974 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், கலைஞர் ஆட்சியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. பழைய சமஸ்தானப் பகுதி திருச்சியிலிருந்து வந்தது. அறந்தாங்கிப் பகுதி தஞ்சாவூரிலிருந்து வந்தது. அதோடு கடலும் வந்தது. எந்தத் தொண்டைமானுக்கும் கிடைக்காத கடற்கரை ஒரு அரசாணையில் கிடைத்தது. ராஜாவின் அரண்மனையே பின்னால் கலெக்டர் ஆபீஸ் ஆனது. இத்தனை ஆசிரியர்களில் நான் அதிக மார்க் போடுவது இந்த 1974 கோட்டுக்குத்தான். காரணம் எளிமையானது. மனுவோடு போகிறவன் மாலைக்குள் வீடு திரும்பலாம் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

ஆனால் அதே 1974 ஜூனில், பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் இன்னொரு கோடு போட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. ஜனவரியில் புதுக்கோட்டைக்குக் கடல் வந்தது; ஜூனில் அந்தக் கடலுக்கு வேலி வந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் செய்தியைப் பேப்பரில் படிக்கும்போது இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது கடைசி ஆசிரியர். 2002 சட்டப்படி அமைக்கப்பட்ட, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம். அதன் ஆணை 2008-ல் அமலுக்கு வந்தது. 2004-ல் எஸ்.ரகுபதி ஜெயித்ததோடு புதுக்கோட்டை என்ற நாடாளுமன்றத் தொகுதி முடிந்துபோனது.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். 39 நாடாளுமன்றத் தொகுதிகள். வகுத்தால் மீதியில்லாமல் ஆறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை சட்டமன்றத் தொகுதி? கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. ஆறு! தைத்துவைத்த சட்டை மாதிரி அளவு. அதைத்தான் நாலாகக் கிழித்தார்கள். கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. விராலிமலை கரூருக்கு.

கரூர் கதை இன்னும் வேடிக்கை. கரூர் மாவட்டத்துக்குச் சொந்தமான குளித்தலையைப் பெரம்பலூருக்கு அனுப்பிவிட்டு, புதுக்கோட்டையின் விராலிமலையைக் கரூருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சொந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தத்து எடுத்த மாதிரி.

ஆணையத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் நாலு தொகுதி, ராமநாதபுரத்தில் நாலு. ஆளுக்கு இரண்டு குறைகிறது. எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். புதுக்கோட்டையை முழுசாக விட்டால் வேறொரு மாவட்டம் கிழிந்திருக்கும். பழைய புதுக்கோட்டைத் தொகுதியும் மாவட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியதில்லை. பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் அதில்தான் இருந்தன. எல்லாம் சரி. ஆனால் அதே சட்டம் என்ன சொல்கிறது? நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் சௌகரியம் ஆகியவற்றையும் கவனிக்கச் சொல்கிறது. கிழியாமல் இருக்கும் ஒன்றைக் கிழித்துப் பக்கத்துத் துணிக்கு ஒட்டுப்போடுவதில் யாருடைய சௌகரியம் இருக்கிறது?

ஒரு தொகுதி போனால் என்ன, நாலு எம்.பி. கிடைத்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. மீனவர் பிடிபட்டால் கலெக்டர் புதுக்கோட்டையில், எம்.பி. தொகுதி ராமநாதபுரத்தில். மாவட்டத்துக்கு ரயில் வேண்டும், கல்லூரி வேண்டும் என்றால் நாலு பேரிடமும் கேட்க வேண்டும். அந்த நாலு பேருக்கும் தொகுதியின் பெரும்பகுதி வேறு மாவட்டத்தில். புதுக்கோட்டை யாருக்கும் முதல் கவலை கிடையாது, எல்லோருக்கும் கடைசி ஒன்றிரண்டு தொகுதி. தொகுதியைத் திரும்பக் கொடுங்கள் என்ற கோரிக்கை அன்றிலிருந்து ஓயாததற்கு இதுதான் காரணம்.

அடுத்த மறுவரையறை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. குறையும், வடக்கே எத்தனை கூடும் என்று. பேச வேண்டியதுதான். ஆனால் எண்ணிக்கை முடிவானபிறகு யாரோ ஒருவர் பென்சிலை எடுத்துக் கோடு போடப் போகிறார். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. போன தடவை வரைவை வெளியிட்டு, பொதுக்கூட்டம் வைத்து, ஆட்சேபம் கேட்டார்கள். இந்தத் தடவையும் கேட்பார்கள் என்று நம்புவோம். அன்றைக்குப் புதுக்கோட்டைக்காரர்கள் மேனுவலையும் டர்க்ஸையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கையில் ஒரு துண்டுக் காகிதம் போதும். 234 வகுத்தல் 39 என்று எழுதி, விடையை அடிக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். எண்ணிக்கை மாறியிருந்தால் புது எண்ணைப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள்.

அறந்தாங்கிப் பெரியவரிடம் கிளம்பும்போது, "மனு என்ன விஷயமாங்கய்யா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் தம்பி கேக்குறீங்க... எந்த பஸ்ஸுன்னு முடிவாகட்டும். அப்புறம் எழுதிக்கலாம்" என்றார்.