கொற்கைக் கரையில் இப்னு கல்தூன்

நாகரிகங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றிப் பேச வரும் நம்மவர் எவரும் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களைத் தொடாமல் செல்வதில்லை. விழா மலர்களிலும் மேடைகளிலும் அவர் பெயர் ஒலிக்கின்றது. எனினும் ஒலிப்பது முகத்திமாவின் மூன்றாம் இயல் மட்டுமே. குலப்பிணைப்பாகிய அஸபிய்யாவினால் ஓர் அரசு எழுகின்றது. ஆடம்பரத்தில் அது தேய்கின்றது. தலைமுறைக்கு நாற்பதாண்டாக மூன்று தலைமுறையில், அதாவது 120 ஆண்டுகளில், அதன் ஆயுள் முடிகின்றது. இச்சூத்திரத்தை ரோமுக்கும் பாரசீகத்துக்கும் அந்தலூசுக்கும் பொருத்திக் காட்டி, ஆடம்பரத்தைத் தவிர்ப்போமாக என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்நூலைப் பாடம் சொல்லி வரும் நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

என்னை நிறுத்தியவர் ஒரு மாணவர். சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கொற்கைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வயலும் வாழையும் குளமும் சூழ்ந்த அமைதியான சிற்றூர் அது. கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. அக்கசாலை என்னும் குக்கிராமப் பெயர்தான் அங்கே நாணயம் அடித்த காலத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றது. "ஹஜ்ரத், இந்த ஊர் அஸபிய்யா குறைந்ததால் அழிந்ததா?" என்று அவர் கேட்டார். குறும்புக்காகக் கேட்டாரா, அறியக் கேட்டாரா என்பது தெரியவில்லை. எனக்கு விடை தெரியாமற் போனது மட்டும் உண்மை.

கொற்கை சிறிய ஊரன்று. கிரேக்க மாலுமிகளின் கையேடாகிய பெரிப்ளூசில் அது கொல்கோய் என வருகின்றது. பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட அவ்விடத்தில் தண்டனை பெற்றவர்கள் முத்துக் குளித்தார்கள் என்ற செய்தியும் அதில் உண்டு. தாலமியும் அதனைக் குறிப்பிடுகிறார். 1968-69இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. பாண்டியப் பேரரசு எழுந்தும் விழுந்தும் மீண்டும் எழுந்தும் இருந்த நெடுங்காலத்தில் கொற்கை ஒரே முறைதான் இறந்தது. இறந்த பின் எழவில்லை.

அதன் மரணத்துக்குக் காரணம் கூறியவர் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்து 1881இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாற்றில் அரசர்களைப் பற்றிய பகுதிகளிற் பல இன்று திருத்தத்துக்குரியவை. ஆனால் கொற்கையையும் காயலையும் பற்றி எழுதிய பக்கங்கள் வேறு தரத்தவை. அவை ஏட்டறிவால் மட்டும் எழுந்தவையல்ல. காயலின் மண்ணில் நடந்து, சிதறிக்கிடந்த சீன, அரபுப் பாண்டங்களின் ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தவர் எழுதியவை. பொருநை கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது, கொற்கை உள்நாடாயிற்று, வணிகர்கள் கடலை நோக்கி நகர்ந்து காயலை அமைத்தார்கள், பின்னர் அதே வண்டல் காயலையும் மூடியது என்பது அவர் முடிபு. எந்த முகத்துவாரம் கொற்கையை உண்டாக்கியதோ அதுவே அதனைப் புதைத்தது. இதில் யாருடைய பாவமும் இல்லை.

நகரத்துக்கு இடம் தேர்வதில் நீரையும் காற்றையும் மேய்ச்சலையும் பார்க்க வேண்டும் என்று இப்னு கல்தூனும் எழுதுகிறார். அவ்வாறு பாராது அமைத்தமையாலேயே கூஃபாவும் பஸராவும் கைரவானும் விரைவில் சிதைவுக்கு ஆளாயின என்று குறை காண்கிறார். ஆனால் கொற்கையின் இடத்தேர்வில் குறை எதுவும் இல்லை. நன்கு தேர்ந்த இடமே காலப்போக்கில் கெட்ட இடமாக மாறக்கூடும் என்பது அவருடைய கணக்கில் இடம்பெறவில்லை. மேதையின் நூலில் இது ஓர் இடைவெளி. அதைச் சொல்வது அவரைக் குறைத்ததாகாது.

கால்டுவெலின் விளக்கத்திலும் ஓர் இடைவெளி உண்டு. வண்டல் மட்டுமே காரணமெனில், காயலுக்குப் பின் எழுந்த துறை ஆற்றின் புதிய முகத்துவாரத்தில் அன்றோ நிலைபெற்றிருக்க வேண்டும்? புன்னைக்காயல் அங்கே இருந்தது. ஆனால் தலைமை வடக்கே தூத்துக்குடிக்குப் போயிற்று. ஈண்டு வஸ்ஸாஃபின் பாரசீக வரலாறு நமக்குத் துணை செய்கின்றது. கைஸ் தீவின் மலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் குதிரைகள் 1,400 ஐ மஅபருக்கு அனுப்பினார் என்றும், குதிரை ஒன்றின் விலை செம்பொன் தீனார் 220 என்றும், அவருடைய உடன்பிறந்தார் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகித் துறைகளின் பொறுப்பை ஏற்றார் என்றும் அவர் எழுதுகிறார். இப்பகுதியை மேற்கோள் காட்டி மகிழும் நம் கட்டுரையாளர்கள் அதன் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. குலசேகரன் தன் மகன் சுந்தரனால் 1310இல் கொல்லப்பட்டதும், உடன்பிறந்தார் போரிட்டதும், 1311இல் மாலிக் காஃபூரின் படை வந்ததும் அங்கே தொடர்கின்றன. பாண்டிய அரசைப் பொறுத்தவரை இது இப்னு கல்தூனின் மூன்றாம் இயலை அப்படியே எழுதிக் காட்டியது போலும்!

ஆனால் காயல் அவ்வாண்டில் சாகவில்லை. பாண்டியர்க்குப் பின் வந்த மதுரை சுல்தான்களின் ஆட்சி ஐம்பதாண்டைக்கூட எட்டாமல், முகத்திமா எழுதப்பட்ட 1377ஐ ஒட்டியே முடிவுற்றது. (அந்த மதுரைக்கு 1340களில் வந்து சென்ற இப்னு பதூதாவின் இந்தியக் கதைகளை முதலில் நம்பாமல், ஓர் அமைச்சர் அறிவுறுத்திய பின்பே தம் ஐயத்தை மறுபரிசீலனை செய்ததாக இப்னு கல்தூன் அந்நூலிலேயே எழுதியிருப்பது சுவையான செய்தி.) இரு அரசுகள் மறைந்த பின்னும், 1440களில் அப்துர் ரஸ்ஸாக் காயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், 1516 அளவில் பர்போசா அங்கே முஸ்லிம் வணிகர்களைக் காண்கிறார். அதற்குள் போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவையும் 1515இல் ஹுர்முஸையும் பிடித்துக் குதிரை வழியின் இரு முனைகளையும் தம் கையில் வைத்துக்கொண்டனர். 1530களில் முத்துக்குளித்துறையும் அவர்கள் வசமானது. காயலின் வாழ்வைக் குறைத்தது வண்டல், முடித்தது பீரங்கி. ஆடம்பரத்துக்கு இதில் பங்கு இருந்ததெனச் சொல்ல நம்மிடம் சான்று ஏதுமில்லை. நம் முன்னோரைப் பழித்துத்தான் வரலாறு எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நான்காம் இயலுக்கு நான் திரும்பியது இதன் பின்னரே. அரசு வீழும்போது அதன் தலைநகரும் வீழும் என்று அங்கே கூறும் இப்னு கல்தூன், உடனே ஒரு விலக்கும் தருகிறார். சுற்றியுள்ள மலையும் சமவெளியும் மக்களையும் வாழ்வையும் தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருக்கும் நகரம், தன்னை அமைத்த அரசு போன பின்னும் நிலைக்கும் என்கிறார். ஃபாஸையும் பிஜாயாவையும் எடுத்துக் காட்டுகிறார். பொருநைப் பள்ளத்தாக்கைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த திறவுகோல் எனக்குக் கிட்டவில்லை. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயருக்கு முற்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை 19ஆம் நூற்றாண்டினது. பாண்டியர் போயினர், நாயக்கர் போயினர், கும்பெனியும் போயிற்று. மருதூர்க் கால்வாயில் நீர் வருவது நிற்கவில்லை. கொற்கையின் துறை மாண்டது, ஆனால் அதன் வயல் மாளவில்லை.

அண்மைக்காலத் தொல்லியல் ஆர்வத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. ஆதிச்சநல்லூரின் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட தாழிக்காடு 1876 முதல் அறியப்பட்டது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மகிழத்தக்க செய்திகளே. ஆயினும், எவ்வளவு பழையது என்று கேட்ட வேகத்தில் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், தாழியில் புதைக்கும் வழக்கம் ஏன் நின்றது, அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பவர் குறைவாகவே இருக்கின்றனர். அவர்கள் எங்கும் போகாமல் இருந்திருக்கவும் கூடும். ஆண்டுக் கணக்கைப் பெருமைக்குச் சான்றாக்குவோரும், வீழ்ச்சியை உபதேசத்துக்குச் சான்றாக்குவோரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இருவருக்கும் முடிவு முன்பே தெரிந்திருக்கின்றது.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் மூன்றாம் இயலுக்கு முன்பே நான்காம் இயலைத் தொடங்கினோம். சிதைந்த நகரங்களின் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியபோது, கூஃபாவுக்கும் பஸராவுக்கும் மேலே ஒரு மாணவர் எழுந்து வந்து கொற்கை என்று எழுதினார். அதற்கு எதிரே காரணம் எழுத வேண்டிய கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.