கோப்பையைச் செய்த கை

இராயபுரத்துக் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கினால் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கண்ணிற்படும். 1875 டிசம்பரில் அத்துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர். பின்னாளில் ஏழாம் எட்வர்டு என முடிசூடிக்கொண்டவர். அப்பயணத்தில் அவருக்குக் குவிந்த பரிசுகளில் சென்னை வெள்ளிக் கலங்களும் இருந்தன. தெய்வ உருவங்கள் நிறைந்தவை ஆதலால் 'சுவாமி வெள்ளி' என்று பெயர். அவ்வகைக் கலங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அவற்றின் படங்களை அண்மையில் கண்டோம், மாணவர்க்கும் காட்டினோம்.

வேலைப்பாடு அருமை! அதை மறைப்பது அறமாகாது. தகட்டை உட்புறமிருந்து தட்டிப் புடைத்தெழச் செய்து, பின் உள்ளே அரக்கு நிரப்பி, வெளிப்புறத்தைச் சிற்றுளியால் நுணுக்கியிருக்கிறார்கள். கட்டைவிரல் உயரமே உள்ள உருவம். அதற்குள் முடி, மாலை, ஆடையின் மடிப்பு! ஓர் அடி பிசகினால் தகடு கிழியும். கிழியவில்லை.

வடிவமோ வேறு கதை. கலம் ஐரோப்பியருடையது, பரப்பெல்லாம் நம்மூர்த் தெய்வங்கள், கைப்பிடி பாம்பு. கண் இளைப்பாற விரற்கடை வெற்றிடமும் இல்லை. சீமைக்குத் திரும்பும் துரை, தன் வீட்டாருக்கு எடுத்துக்காட்ட ஒரு 'இந்தியா' கேட்டான், செய்து கொடுத்தார்கள். குறை தட்டாருடையதன்று, கேட்டவனுடையது என்போம்.

அந்தத் தெய்வங்களை எண்ணினால் சிரிப்பே வருகிறது. மதுரைக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் அடியெடுத்து வைக்க 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தீட்டாம்! ஆனால் வெள்ளைக்காரன் மேசையில் பாலும் சர்க்கரையும் சுமந்து நிற்பதில் தீட்டில்லை. கடல் கடந்தபோதும் எந்தச் சாத்திரமும் குறுக்கே படுக்கவில்லை.

அடிக்கல் நாட்டிய மறு ஆண்டே பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். 1877இல் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆடவர்க்கு வகுத்த நாட்கூலி எவ்வளவு? ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும்! அன்றைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா. நூறு தோலா எடையில் ஒரு கோப்பை செய்ய நூறு ரூபாயை உருக்க வேண்டும். அது 1600 அணா. மண் சுமந்தவனுக்கு நான்காண்டுக்கும் மேற்பட்ட காசுக் கூலி! (கணக்கு வகுப்பில் இப்படியொரு கேள்வி கேட்டால் என்ன?)

பல கலங்களின் அடியில் முத்திரை உண்டு: பி. ஆர் அண்டு சன்ஸ். மவுண்ட் ரோட்டில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம். விற்ற கடைக்குப் பெயர் உண்டு. பெற்ற இளவரசருக்குப் பெயர் உண்டு. உளி பிடித்த தட்டாரின் பெயரைத் தேடினோம், இல்லை.

வகுப்பில் முத்திரையைப் படித்துக் காட்டினோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகன் எழுந்தான்.

"அது கடை பேரு சார். செஞ்சவரு பேரு என்ன?"