கேட்டால் மட்டும் போதுமா?

அந்நிய பாஷை எப்படி வருகிறது என்பது பற்றி அமெரிக்கரான ஸ்டீபன் கிராஷன் 1982-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்தால் கதை எழுதுகிறவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இலக்கணத்தை உருப்போட்டுப் பயனில்லை; தெரிந்ததற்கு ஒரு படி மேலாக, புரிகிற பேச்சையும் எழுத்தையும் ஏராளமாக உள்ளே வாங்கினால் பாஷை தானே வரும்; பேச்சு அதன் பலன், காரணமல்ல என்கிறார். நாவல் படிக்கச் சொல்லும் பண்டிதரை எந்த நாவலாசிரியன் வெறுப்பான்?

ஆனால் கனடாவில் நடந்ததைப் பாருங்கள். மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட்டில் 1965-இல் இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகளைப் பிரெஞ்சிலேயே படிக்க வைத்தார்கள். அந்த ஏற்பாடு நாட்டில் பரவிய பிறகு, அப்படிப் படித்து ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மெரில் ஸ்வெயின் என்ற அம்மையார் ஆராய்ந்து 1985-இல் எழுதினார். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறையச் சமம். வாயைத் திறந்தால் வினைச்சொல்லும் பால் பேதமும் தடுமாறின. வகுப்பில் நீளப் பேச அவர்களுக்குச் சந்தர்ப்பம் குறைவு. எப்படிச் சொன்னாலும் ஆசிரியருக்குப் புரிந்துவிடும்.

நான் அம்மையார் கட்சி. (வருஷக் கணக்கில் இங்கிலீஷ் நாவல் படித்தும், ரயிலில் ஒரு வெள்ளைக்காரர் ஏதோ கேட்டபோது திருதிருவென்று விழித்தவன்.) படிக்கும்போது சாரம் கிடைத்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம், வாக்கியத்தின் வாலை யார் கவனிக்கிறார்கள்? சொல்ல வரும்போதுதான், எந்தக் காலம், எந்த விகுதி என்ற சங்கடம் பிறக்கிறது. பேசச் சொல்லி நெருக்கினால் பதற்றம் வரும் என்று கிராஷன் அஞ்சுகிறார். வரட்டுமே! இருந்தாலும் அவரை முழுக்கத் தள்ளவும் மனமில்லை. அன்று ரயிலில் திக்கித் திணறி நான் சொன்ன நாலு வார்த்தையும் நாவலில் படித்தவைதாம்.