குட்டைச் செடியின் கொள்ளை அழகு

கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியில் பூண்டும் கேரட்டும் விளையும் மேட்டு வயல்களைத் தாண்டிச் சரிவில் இறங்க இறங்க, சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள் வரத் தொடங்கும். நிழல்மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, ஊடே மலை ஆரஞ்சு, மலைவாழை. பழனி மலைக் காப்பித் தோட்டம் எப்போதுமே ஒரு கூட்டுக் குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் என் கண் தேடிப் போவது சந்திரகிரி என்னும் குட்டைக் காப்பி ரகத்தை.

பழைய எஸ்.795 ரகத்தைக் கவாத்து செய்யாமல் விட்டால் ஆளை மீறி ஓங்கிவிடும். பழம் பறிக்கக் கிளையை வளைத்துப் பிடிக்க வேண்டும். சந்திரகிரியோ கைக்கு எட்டும் உயரத்தில் அடக்கமாக நின்று, பக்கவாட்டில் தழைத்து, தன் காலடி மண்ணுக்குத் தானே குடை பிடிக்கிறது.

அதன் கிளையொன்றைக் கையில் ஏந்திப் பாருங்கள். கணுவை அடுத்து உடனே இன்னொரு கணு. குட்டை உருவத்தின் சூட்சுமமே இந்த நெருக்கம்தான். காப்பி பூப்பதும் காய்ப்பதும் கணுவில் என்பதால், சாண் அளவுக் கிளையிலும் கொத்துக்கு மேல் கொத்து. மார்ச், ஏப்ரலில், மொட்டுகளை விரியச் செய்யும் பூ மழை பெய்த பத்தாம் நாள் வாக்கில் அத்தனை கணுவும் ஒரே நேரத்தில் வெண்மையாக மலரும். மல்லிகைக்கு நெருங்கிய அந்த வாசனை சரிவெங்கும் தவழும். ஓரிரு நாள்தான். அந்த நாட்களில் அங்கே இருப்பது பெரும் பேறு.

இலையும் லேசுப்பட்டதல்ல. பெரியது, தடித்தது, கரும்பச்சையில் மினுமினுப்பது. புரட்டி அடிப்பக்கத்தையும் பாருங்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கிருந்த காப்பித் தோட்டங்களையே காலி செய்த இலைத்துரு நோய் ஆரஞ்சுப் பொடியாகப் படிவது அந்த இடத்தில்தான். அதைத் தாங்கும் வலிமை சந்திரகிரிக்குப் பிறப்பிலேயே உண்டு. குட்டை உருவம் கோஸ்டாரிகாவின் வில்லா சார்ச்சி தந்தது. நோயைத் தாங்கும் குணம், திமோர் தீவில் அரபிகாவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து உருவான கலப்பினம் தந்தது. இந்த இரண்டும் கலந்து, போர்ச்சுகல் வழியாக வந்த விதையைப் பாலேஹொன்னூர் மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையம் பொறுமையாகத் தேர்ந்து வளர்த்து, 2007இல் விவசாயிகள் கையில் கொடுத்தது.

பூவிலிருந்து பழம் சிவக்க எட்டு, ஒன்பது மாதம். மலைக் குளிரில் அவசரமே இல்லாமல் பழுப்பதால் கொட்டை இறுகித் திரள்கிறது. தோல் நீக்கி, கழுவி, களத்தில் உலர்த்திய கொட்டையைப் பாருங்கள்: நீண்டு, பருத்து, ஒரே சீராக இருக்கும். இளவறுப்பாக வறுத்து வடித்தால், ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போன்ற மென்புளிப்பு முதலில் வரும். பின்னாலேயே வெல்லத்தின் இனிப்பு. கசப்பு, விழுங்கிய பிறகு மெல்லத் தலைகாட்டிவிட்டு விலகிவிடும்.

சிக்கரி கலந்தால் இந்த நயம் அத்தனையும் அமுங்கிவிடும். கொடைக்கானல் பக்கம் போனால் கலப்பில்லாத சந்திரகிரியைக் கேட்டு வாங்குங்கள். முதல் தம்ளரையாவது பால் சேர்க்காமல் குடியுங்கள்.