மிதந்து பார்க்கும் கலை

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து படகேறினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவான இடம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தால் போதும், ஆழம் குறைந்த நீரிலேயே பவளப்பாறை விரியும். ஐயம்பேட்டைத் தறியில் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் கொடுத்து நெய்த பட்டாக, கிளிமீன் திரும்பும் பக்கமெல்லாம் வேறு வண்ணம் காட்டும். பாறையைச் சுரண்டித் தின்று மணலாகக் கழிப்பதும் அதுவே. கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் ஆளைக் கண்டால் ஒதுங்கிப்போகும்.

நல்ல வழிகாட்டி மீனைக் காட்டுவதற்கு முன், “பாறையில கால் வைக்க வேண்டாம்” என்பார். பல்லாண்டு வளர்ந்த பவளத்தை ஒரே மிதி உடைத்துவிடும். கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரை போகலாம். கூட்டம் சேருமுன், காலையிலேயே கிளம்புவது நல்லது.