கணக்கில் வராத பெண்கள்

1994-ல் லோபஸ், காலிஷா, பிஹா என்ற மூவர் ஓர் ஆங்கில ஆராய்ச்சிப் பத்திரிகையில் சிகரெட்டின் சரித்திரத்தை நான்கு அங்க நாடகமாகப் பிரித்து எழுதினார்கள். முதலில் ஆண்கள் பிடிக்கத் தொடங்குகிறார்கள். சில பத்தாண்டுகள் கழித்துப் பெண்கள் பின்தொடர்கிறார்கள். பிறகு இருவருமே விடத் தொடங்குகிறார்கள். சாவு மட்டும் முப்பது நாற்பது வருஷம் தாமதித்து வந்து சேருகிறது. நாவல் எழுதுகிறவன் பொறாமைப்படத்தக்க கட்டுக்கோப்பு!

மேல்நாட்டுக்கு இது பொருந்தத்தான் செய்கிறது. 1965-ல் அமெரிக்காவில் ஆண்களில் நூற்றுக்கு 52 பேரும் பெண்களில் 34 பேரும் சிகரெட் பிடித்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் தாமாகவே பின்தொடர்ந்து வந்துவிட்டார்களா என்ன? 1929 ஈஸ்டர் தினத்தில் நியூயார்க் வீதியில் பெண்களைச் சிகரெட்டும் கையுமாக நடக்கவைத்து, அதற்குச் 'சுதந்திர தீபங்கள்' என்று பெயரும் சூட்டியவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர். அவருக்குக் கூலி கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி.

நம் நாட்டுக்கு வந்ததும் நாடகம் தடுமாறுகிறது. 2009-10 சர்வேயில் புகைபிடிப்போர் ஆண்களில் நூற்றுக்கு 24.3, பெண்களில் 2.9. 2016-17-ல் அது 19-ம் 2-ம் ஆயிற்று. ஆண்கள் இறங்கினார்கள், பெண்கள் ஏறவே இல்லை. ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கிழவிகளோ, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுக் குடிக்க எந்தப் பெர்னேஸுக்கும் காத்திருக்கவில்லை. 2012-ல் லோபஸும் சேர்ந்து எழுதிய மறுபரிசீலனை, ஆண் கதையையும் பெண் கதையையும் தனித்தனியே பார்க்கச் சொன்னது. தம் எழுத்தைத் தாமே திருத்துவது நம் இலக்கிய உலகில் அபூர்வம். அதற்காக அவரைப் பாராட்டலாம்.

என் குறை வேறு. மேலப்பாளையத்துத் தெருக்களில் ஒருநாள் மத்தியானம் நடந்து பாருங்கள். ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட ஊர். இன்று திண்ணையிலும் முற்றத்திலும் மடியில் சுளகோடு பெண்கள். ஊறவைத்த இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, தூளை இட்டு, உருட்டி, வாயை மடக்கி, நூலால் கட்டுகிறார்கள். பேச்சு நிற்பதில்லை, விரலும் நிற்பதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பீடித் தொழிலாளருக்கென 1966-லேயே மத்திய சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவளும் அதன்படி தொழிலாளியாகவே கருதப்பட்டாள்.

இவர்களில் பெரும்பாலோர் ஒரு பீடியையும் உதட்டில் வைத்தவரல்லர். புகையிலைத் தூள் மூச்சோடு போகிறது, விரல் வழியாகவும் உடம்பில் ஏறுகிறது. இருந்தும் அந்த மூவரின் நாடகத்தில் இவர்களுக்கு வேஷமில்லை; சர்வேயில் 'புகைபிடிக்காதவர்' பத்தியில் சுகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். யார் பிடிக்கிறார்கள் என்பதுதானே கேள்வி என்பார்கள். வாஸ்தவம். கேள்வியையே அப்படி அமைத்ததுதான் குற்றம் என்கிறேன்.

அந்த 19 இன்னும் குறையவேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது நியாயம், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அது ஒவ்வொரு புள்ளியாக இறங்கும்போது, ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு சுளகு காலியாகிறது. அந்தச் சுளகுக்காரிக்கு வேறு என்ன வேலை என்று கேட்கும் பத்தி எந்த அட்டவணையிலும் எனக்கு அகப்படவில்லை.