நெட்வொர்க் டேப் தேர்வு: இலங்கையிலும் இந்தியாவிலும்

நெட்வொர்க் டேப் என்பது இரண்டு கருவிகளை இணைக்கும் கேபிளின் நடுவே பொருத்தப்படும் வன்பொருள். அந்தக் கேபிளில் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டின் நகலையும் அது கண்காணிப்புக் கருவிக்குத் தருகிறது. ஊடுருவலைக் கண்டறியும் சென்சார், பாக்கெட் பதிவுப் பெட்டி, வேகத்தை அளக்கும் மென்பொருள் ஆகிய எல்லாம் இந்த நகலை நம்பியே இயங்குகின்றன. நகலில் ஓட்டை இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சென்சாரும் நடந்ததைச் சரியாகச் சொல்லாது.

இதே வேலையை, ஸ்விட்சில் நகல் அனுப்ப ஒதுக்கப்படும் ஸ்பான் போர்ட்டும் ஓரளவு செய்யும். தனிச் செலவு இல்லாததால் இலங்கையிலும் இந்தியாவிலும் பல அலுவலகங்களில் கண்காணிப்பு அதிலிருந்தே தொடங்குகிறது. அதன் எல்லை எளிய கணக்கில் தெரியும். 1 கிகாபிட் இணைப்பு இரு திசையிலும் நிரம்பி ஓடினால் மொத்தம் 2 கிகாபிட். அதை நகலெடுத்து அனுப்பும் ஸ்பான் போர்ட்டின் கொள்ளளவோ 1 கிகாபிட். மிஞ்சிய பாக்கெட்டுகளை ஸ்விட்ச் கைவிடுகிறது. பழுதான ஃபிரேம்களை அது நகலெடுப்பதே இல்லை. தாக்குதலோ கோளாறோ நடக்கும் நேரத்தில்தான் நெரிசல் கூடும் என்பதால், மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே சாட்சியம் தொலைகிறது.

இரு நாட்டுக்கும் பொதுவான இயற்பியல்

ஃபைபர் இணைப்புகளுக்கான பாசிவ் டேப்பில் மின்சாரமோ சில்லோ மென்பொருளோ கிடையாது. உள்ளே இருப்பது ஒளியைப் பிரிக்கும் கண்ணாடி இழை மட்டுமே. 50:50 டேப் ஒளியைச் சரிபாதியாகப் பிரிக்கும். 70:30 டேப் பெரும்பங்கை நெட்வொர்க்குக்கு விட்டு, மீதியைக் கண்காணிப்புக்குத் தரும். முன்னதில் ஒவ்வொரு கிளையிலும் ஏறக்குறைய 3.7 டெசிபெல் இழப்பு ஏற்படும். பின்னதில் நெட்வொர்க் கிளையில் 2 டெசிபெல்லும் கண்காணிப்புக் கிளையில் 6 டெசிபெல்லும் கழியும்.

இந்த எண்களை இணைப்பின் ஒளி வரவு செலவில் வைத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். 10 கிகாபிட் எல்.ஆர். மாட்யூலின் குறைந்தபட்ச அனுப்பு சக்தி மைனஸ் 8.2 டி.பி.எம்.; பெறும் முனைக்கு வேண்டிய குறைந்தபட்சம் மைனஸ் 14.4 டி.பி.எம். இடையில் செலவழிக்கக் கிடைப்பது 6.2 டெசிபெல். ஒரே கட்டடத்துக்குள் சில நூறு மீட்டர் ஃபைபருக்கும் கனெக்டர்களுக்கும் 1 டெசிபெல் போனாலும் 50:50 டேப் தாராளமாக அடங்கும். 5 கிலோமீட்டர் இணைப்பில் ஃபைபருக்கு மட்டுமே 2 டெசிபெல் போகும். கனெக்டர்களையும் 50:50 டேப்பையும் கூட்டினால் 6.7 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். அங்கே 70:30 டேப் நெட்வொர்க்கைக் காப்பாற்றும். ஆனால் தொலைமுனையிலிருந்து வரும் ஒளி கண்காணிப்புக் கிளையை அடையும்போது 9 டெசிபெல் இழந்திருக்கும். எனவே பவர் மீட்டரால் உண்மையான ஒளியை அளப்பதும், தேவையானால் வலுவான மாட்யூலுக்கு மாறுவதும் டேப் வாங்குவதற்கு முந்தைய வேலை.

செப்புக் கேபிளின் கதை வேறு. கிகாபிட் ஈதர்நெட் நான்கு ஜோடிக் கம்பிகளிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசுவதால், அதைப் பாசிவ் முறையில் பிரிக்க முடியாது. மின்சாரத்தில் இயங்கும் டேப் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்ப வேண்டும். மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் ரிலே இரு முனைகளையும் நேரடியாக இணைத்துவிடும். ஆனால் இரு கருவிகளும் மீண்டும் பேசி இணைப்பை உறுதிசெய்யும் சில நொடிகள் இணைப்பு அறுந்தே இருக்கும்.

இந்தியா: விதியும் கொள்முதலும்

இந்தியாவில் டேப் வாங்கும் நிறுவனம் முதலில் பார்ப்பது இணக்க விதிகளை. 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கவும் கோருகிறது. பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு, அவற்றின் ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பு தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. டேப் வாங்கு என்று இவை சொல்லவில்லை. ஆனால் 6 மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல, விடுபடாத நகல் வேண்டும். நேரமுத்திரை இடும் வசதியுள்ள பாக்கெட் புரோக்கருக்கு (டேப்களின் நகல்களைத் திரட்டிச் சென்சார்களுக்குப் பங்கிடும் கருவி) இந்தியச் சந்தையில் இருக்கும் மதிப்புக்கு இதுவும் காரணம்.

அடுத்தது பொருளின் பூர்வீகம். 2021 ஜூன் 15 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நம்பகமானவை என அரசு அறிவித்த மூலங்களிலிருந்தே புதிய கருவிகளை இணைக்கலாம். அரசுத் துறைக் கொள்முதலில் 2017ஆம் ஆண்டின் ‘மேக் இன் இந்தியா’ முன்னுரிமை ஆணை உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பொருளைத் தரும் விற்பனையாளரை முதல் வகுப்பில் வைக்கிறது. நில எல்லையைப் பகிரும் நாடுகளின் ஒப்பந்தக்காரர்கள் அரசு டெண்டரில் பங்கேற்க 2020 ஜூலையில் தனிப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. மென்பொருள் ஓடும் பாக்கெட் புரோக்கரைப் போலன்றி, பாசிவ் டேப்புக்குள் சந்தேகப்பட எதுவும் இல்லை. எனவே பாசிவ் டேப்பையும் புரோக்கரையும் தனித்தனி வரிகளாக டெண்டரில் பிரித்துக் கேட்பது இங்கே பயனுள்ள முறை.

மூன்றாவது, அளவு. மும்பை, சென்னை தரவு மையங்களில் ஒரே வளாகத்தில் ஏராளமான இணைப்புகள் குவிகின்றன. ஒரு ரேக் யூனிட்டில் பல டேப்கள் அடங்கும் மாட்யூலர் சட்டகமும், அவற்றின் நகல்களைத் திரட்டி, வடிகட்டி, சென்சார்களுக்குப் பங்கிடும் புரோக்கரும் அங்கே செலவுக்கு ஈடு தருகின்றன.

இலங்கை: இறக்குமதியும் மாற்றுப் பொருளும்

இலங்கையிலும் சட்டக் கட்டமைப்பு உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றித் தரவை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கண்காணிப்பில் சிக்கும் தனிநபர் தரவையும் தொடும் வகையில் இயற்றப்பட்டது. வங்கிகளுக்கு மத்திய வங்கி 2021இல் தொழில்நுட்ப இடர் முகாமைக்கான பணிப்புரையை வெளியிட்டது. வங்கித் துறையின் சம்பவங்களுக்கு உதவ ஃபின்சிஎஸ்ஐஆர்டி என்ற குழு இயங்கிவந்துள்ளது.

ஆயினும் தேர்வைத் தீர்மானிப்பதில் பணமும் விநியோகமும் இலங்கையில் முன்னே நிற்கின்றன. டேப் முழுக்க இறக்குமதிப் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டாலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. டாலரில் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு உரிமங்களோடு வரும் புரோக்கர் அப்படிப்பட்ட காலத்தில் பெரும் சுமை. உரிமம், ஃபர்ம்வேர், ஆண்டுப் பராமரிப்பு எதுவும் இல்லாத பாசிவ் ஃபைபர் டேப் ஒருமுறைச் செலவு. பழுதானால் கொழும்பில் உடனே மாற்றுக் கிடைக்கும் என்று எண்ண முடியாததால், தொடக்கத்திலேயே ஒரு மாற்று டேப்பையும் சேர்த்து வாங்கி வைப்பது விவேகம்.

மின்வெட்டு இன்னொரு பாடம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. யு.பி.எஸ். தளரும் கிளை அலுவலகத்தில் பாசிவ் டேப் இணைப்பைத் தொடாது. செப்பு டேப்போ மின்சாரம் போகும்போதும் வரும்போதும் இணைப்பை உதறும். செப்பு டேப்தான் வேண்டுமென்றால் இரண்டு மின் உள்ளீடு உள்ளதை வாங்கி, அவற்றை இரு வேறு மின்வழிகளில் செருக வேண்டும். இங்கே ஒரு சிறு பொருள் அடிக்கடி மறக்கப்படுகிறது. பல செப்பு டேப்கள் சுவரில் செருகும் அடாப்டரோடு வருகின்றன. இலங்கைக்கு 13 ஆம்பியர் சதுர முனை வேண்டும். இந்தியாவுக்கு வட்ட முனை. ரேக் மின்பட்டையில் பெரும்பாலும் இரண்டுமே பொருந்தாது. எனவே ஏற்ற மின்கேபிளையும் ஆர்டரிலேயே குறிப்பிட வேண்டும்.

தேர்வின் வரிசை

சுருங்கச் சொன்னால், இந்தியாவில் கேள்வி “இந்தக் கருவி விதியில் தேறுமா, பெருகும் இணைப்புகளைத் தாங்குமா?” என்பது. இலங்கையில் கேள்வி “வாங்கிய பின் யாரையும் நம்பாமல் எத்தனை ஆண்டு ஓடும்?” என்பது. இரண்டுக்கும் முன்னே ஒரே வரிசை பொருந்தும். முதலில், எந்த இணைப்பைப் பார்த்தால் பெரும்பாலான டிராபிக்கும் கண்ணில் படும் என்று தீர்மானிக்க வேண்டும்; அது வழக்கமாக ஃபயர்வாலுக்கும் மைய ஸ்விட்சுக்கும் இடையேயானது. இரண்டாவது, இழை ஒற்றை முறையா பன்முறையா, வேகம் என்ன, ஒளி எவ்வளவு என அளக்க வேண்டும். மூன்றாவது, இரு திசைக்கும் தனித்தனி வெளியீடு தரும் டேப்புக்குச் சென்சாரில் இரு போர்ட்டுகள் உண்டா என்று பார்க்க வேண்டும். நான்காவது, பொருத்தும்போது இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருப்பதால் பராமரிப்பு நேரத்தைக் குறிக்க வேண்டும். கடைசியாக, நகலைப் பார்க்க யாருக்கு அதிகாரம், எத்தனை நாள் வைப்பது என்பதை எழுத்தில் முடிவுசெய்த பிறகே கேபிளைத் துண்டிக்க வேண்டும். டேப் எல்லாவற்றையும் பார்க்கும். எதைப் பார்க்கலாம் என்பதை அதை வைத்திருக்கும் நிறுவனம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.